மடக்கு சைக்கிள் வாங்கலாமா?

உலகத்தில் சைக்கிள் வாங்குகிறவர்கள் இரண்டு வகைப்படுவார்கள். ஏறிப் போவதற்காக வாங்குகிறவர்கள் முதல் வகை. இறங்கிய பிறகு அதை எங்கே வைப்பது என்று கவலைப்பட்டுக் கொண்டே வாங்குகிறவர்கள் இரண்டாவது வகை. முதல் வகைக்காரருக்குச் சரித்திரம் ஒன்றும் தேவையில்லை. கடைக்குப் போய், மணியை இரண்டு தடவை அடித்துப் பார்த்து, டயரை அமுக்கிப் பார்த்து, பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிடலாம். இரண்டாவது வகைக்காரருக்காகத்தான் மடக்கு சைக்கிள் என்ற விசித்திரப் பிராணி உலகத்தில் அவதரித்தது.

இவருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பல மாதம் யோசித்து, பணம் சேர்த்து, 'சரி, வாங்கிவிடுவோம்' என்று இவர் புறப்படுகிற அன்றைக்குத்தான், 'புதிய மாதிரி வந்துவிட்டது! கியர் அதிகம்! சக்கரம் பெரிது! மின்சார மோட்டாரும் உண்டு!' என்று கம்பெனிக்காரன் விளம்பரம் போடுவான். பழையதே போதுமா, புதியது வேண்டுமா, இரண்டுமே வேண்டாமா? மனிதர் திகைத்து நின்றுவிடுவார்.

இந்தத் திகைப்பு அவருக்கு மட்டும் வந்ததல்ல. ராணுவங்களும், பெரிய தொழிற்சாலைகளும், சாமானிய மனிதர்களும் நூறு வருஷத்துக்கு மேலாக மடக்கு சைக்கிளுக்கு முன்னால் நின்றுகொண்டு, 'வாங்கலாமா, வேண்டாமா?' என்று யோசித்திருக்கிறார்கள். அவர்கள் சொன்ன பதில்களைத் தொகுத்தால் அதுவே மடக்கு சைக்கிளின் சரித்திரம்.

முதலில் வாங்கத் துணிந்தவர்களில் பிரெஞ்சு ராணுவத்தாரைச் சொல்ல வேண்டும். 1890-களில் அந்த ராணுவத்தில் ஆன்ரி ஜெரார் என்று ஓர் உத்தியோகஸ்தர் இருந்தார். கொள்ளும் புல்லும் போடாமலே குதிரைப்படையின் வேகம் காலாட்படைக்கு வந்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. சைக்கிள் கொடுத்தால் வேகம் வந்துவிடும், வாஸ்தவந்தான். ஆனால் வேலியோ வாய்க்காலோ குறுக்கிட்டால் சிப்பாய் என்ன செய்வான்? சைக்கிளை மடக்கி, முதுகில் மாட்டிக் கொண்டு, தாண்டிப் போக வேண்டியதுதான்! கிரனோபிள் நகரத்துக்குப் பக்கத்தில் தொமேன் என்ற ஊரில் ஷார்ல் மோரெல் என்ற தொழிலதிபரும் இதே யோசனையில் இருந்தார். இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள், வண்டியும் வெளிவந்தது. பிற்பாடு, கூட்டு வியாபாரத்தின் சம்பிரதாயப்படி, இருவருக்கும் மனஸ்தாபமும் வந்தது.

அந்தச் சிப்பாயின் கணக்கை நேயர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அவன் வண்டி மேல் இருப்பது மணிக்கணக்கு. வண்டி அவன் மேல் இருப்பது நிமிஷக் கணக்கு. ஆனாலும் அந்தச் சில நிமிஷங்களுக்காகத்தான் வண்டியையே வேறு விதமாகச் செய்ய வேண்டியிருந்தது. மடக்கு சைக்கிளின் தலையெழுத்து இன்று வரையில் இதுதான்.

ஐம்பது வருஷத்துக்குப் பிறகு, இரண்டாவது உலக யுத்தத்தில், அதே கேள்வியை இங்கிலீஷ்காரர்கள் ஆகாயத்திலிருந்து கேட்டார்கள். பாரசூட்டில் குதிக்கிற வீரன் தரையில் வந்து விழுந்ததும் எதில் ஏறிப் போவது? பர்மிங்ஹாமில் துப்பாக்கி செய்து புகழ்பெற்ற பி.எஸ்.ஏ. கம்பெனி இதற்கென்று ஒரு சைக்கிள் செய்து கொடுத்தது. ஆமாம், பிற்காலத்தில் அம்பத்தூர்த் தொழிற்சாலை வழியாக நம் ஊர்த் தெருக்களிலெல்லாம் ஓடிய அதே பி.எஸ்.ஏ. என்ற பெயர்தான். அந்த ராணுவ வண்டியின் பிரேமில் நடுவே கீல் இருந்தது. ஸ்பானர் இல்லாமல் கையாலேயே திருகக்கூடிய, காது வைத்த நட்டுகள் இரண்டு அதை இறுக்கிப் பிடித்தன. பல்லாயிரக்கணக்கில் அந்த வண்டிகள் தயாராயின. 1944-ஆம் வருஷம் ஜூன் 6-ந் தேதி நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய கனேடிய வீரர்கள் சைக்கிளும் கையுமாக நிற்கிற புகைப்படம் பிரசித்தமானது. யுத்தம் முடிந்ததும் மிச்ச வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள்.

ஆனால் மேற்படி இரண்டு ராணுவ வண்டிகளுக்கும் ஒரு பொதுக் குறை இருந்தது. இரண்டிலும் சக்கரம் முழு அளவுச் சக்கரம். வண்டியை மடக்கினால் நீளம் பாதியாகுமே தவிர, சக்கரம் சக்கரமாகவே நின்றது. போர்க்களத்துக்கு அது போதும். ரயில் பெட்டியில் இரண்டு பெஞ்சுக்கு நடுவில் வைப்பதற்கு அது போதாது. சக்கரத்தையே சிறிதாக்கினால் என்ன என்றால், சின்னச் சக்கரத்துக்குச் சின்னக் கல்லும் மலையாகிவிடும். ஏறி உட்கார்ந்தவரின் எலும்பு கணக்குச் சொல்லும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் அலெக்ஸ் மோல்டன் என்ற இன்ஜினீயர். மேற்கு இங்கிலாந்தில் பிராட்போர்டு-ஆன்-ஏவன் என்ற ஊரில் ரப்பர்த் தொழில் செய்துவந்த குடும்பத்தில் பிறந்தவர். 1959-ல் வெளிவந்த மினி மோட்டார் காருக்கு ரப்பர் ஸ்பிரிங் அமைத்துக் கொடுத்தவர் இவர்தான். 1956-ல் சூயஸ் கால்வாய்ச் சண்டை வந்தது. இங்கிலாந்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. மோல்டனின் கவனம் சைக்கிளின் பக்கம் திரும்பியது. சின்னச் சக்கரம் போட்டு, டயரில் காற்றை நன்றாக இறுக்கி, குலுக்கலைத் தாங்குவதற்கு ரப்பரை வைத்து ஒரு வண்டி செய்தார். நாட்டிங்ஹாமில் சைக்கிள் சாம்ராஜ்யம் நடத்திக் கொண்டிருந்த ராலி கம்பெனியாரிடம் கொண்டு போய்க் காட்டினார். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மோல்டன் தாமே தொழிற்சாலை வைத்தார். 1962-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் காட்சியில் வண்டியை வெளியிட்டார். ஜனங்கள் ஆசையோடு வாங்கினார்கள். வேண்டாம் என்று சொன்ன ராலி கம்பெனியே 1965-ல் சின்னச் சக்கர வண்டி ஒன்றைப் போட்டிக்குக் கொண்டு வந்தது. 1967-ல் மோல்டனின் சைக்கிள் தொழிலையே விலைக்கு வாங்கிவிட்டது. 'வேண்டாம்' என்று சொல்வதற்கும் சில சமயம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது!

மோல்டனின் வண்டி மடங்கும் வண்டியல்ல. ஆனால் சின்னச் சக்கரத்தில் சுகமாகப் போகலாம் என்பதை அது நிரூபித்துவிட்டது. அதற்குப் பின், விமான இன்ஜினீயரான ஹாரி பிக்கர்ட்டன் என்பவர் அலுமினியத்தில் ஒரு மடக்கு சைக்கிள் செய்து 1971 முதல் விற்றார். லேசான வண்டி. ஆனால் அதன் நெட்டை ஹாண்டில்பார் அழுத்திப் பிடித்தால் வளைந்து கொடுக்கும். அந்த வண்டியைப் பார்த்து, 'இதைவிட நன்றாகச் செய்யலாமே!' என்று நினைத்த ஒரு வாலிபரால்தான் நம்முடைய கதை சூடு பிடிக்கிறது.

அவர் பெயர் ஆண்ட்ரூ ரிச்சி. கேம்பிரிட்ஜில் இன்ஜினீயரிங் படித்தவர். படிப்புக்குத் தகுந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, பிறத்தியார் வீடுகளுக்குத் தோட்டம் போட்டுக் கொடுத்துக் கொண்டிருந்தார். 1970-களின் நடுவில், லண்டன் சௌத் கென்ஸிங்டனில் தம்முடைய படுக்கை அறையையே பட்டறையாக்கிக் கொண்டார். ஜன்னலுக்கு எதிரே பிராம்ப்டன் ஆரட்டரி என்ற மாதா கோயில் தெரியும். ஆகவே சைக்கிளுக்குப் பிராம்ப்டன் என்று பெயர் வைத்தார். பத்து நண்பர்கள் ஆளுக்கு நூறு பவுன் போட்டு முதல் முயற்சிக்கு உதவினார்கள்.

ரிச்சியின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டுமானால், வண்டி மடங்குகிற விதத்தைச் சொல்ல வேண்டும். பின்சக்கரம் அப்படியே சுழன்று பிரேமுக்கு அடியில் போய் உட்காருகிறது. அந்த நிலையில் வண்டி தானாகவே நிற்கும். சுவர் தேட வேண்டியதில்லை. பிறகு நடுக்கீல் திறந்து முன்சக்கரம் பக்கத்தில் வந்து சேருகிறது. ஹாண்டில்பார் கீழே மடிகிறது. கடைசியாக ஸீட்டைக் கீழே இறக்கினால் அதுவே தாழ்ப்பாளாகி எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறது. எண்ணெய் வழிகிற செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் அகப்பட்டுக் கொள்வதால், தூக்குகிறவரின் வேஷ்டியானாலும் கால்சராயானாலும் கறைபடாமல் தப்புகிறது. ஓட்டுகிற மனிதரைப் பற்றி எல்லோரும் யோசித்தார்கள். தூக்குகிற மனிதரைப் பற்றி இவ்வளவு தூரம் யோசித்தவர் இவர் ஒருவர்தான்.

ரிச்சி இந்த அதிசயத்தை எடுத்துக் கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். ராலி கம்பெனியாரும் பார்த்தார்கள். மறுபடியும் வேண்டாம் என்றார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கில் செய்து கடை கடையாக அனுப்புகிறவர்களுக்கு, எத்தனை பேர் வாங்குவார்கள் என்ற கேள்விதான் முதலில் வரும். மாடிப்படியில் சைக்கிளைத் தூக்கிக் கொண்டு திண்டாடுகிற ஒரு மனிதரின் முகம் அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் எப்படித் தெரியும்?

கடைசியில் ரிச்சி நேரே அந்த மனிதரிடமே போனார். ஆளுக்கு 250 பவுன் முன்பணமாகக் கொடுத்தால் வண்டி செய்து தருகிறேன் என்றார். தொழிற்சாலை கிடையாது, விளம்பரம் கிடையாது, படுக்கை அறையில் செய்த மாதிரி ஒன்றுதான் சாட்சி. முப்பது பேர் பணம் கொடுத்தார்கள்! பிரெஞ்சு ராணுவம் வாங்கியது சர்க்கார் பணத்தில். இந்த முப்பது பேர் கொடுத்தது சொந்தப் பணம். வீரம் யாருக்கு அதிகம் என்று நேயர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

வண்டிகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. சில நூறு வண்டிகள் ஆனதும் 1980-களின் தொடக்கத்தில் வேலை நின்று போயிற்று. பெரிய அளவில் செய்வதற்கு முதல் இல்லை. பல வருஷம் ரிச்சி பணக்காரர்களின் கதவைத் தட்டினார். வழி திறந்தது பணக்காரர்களால் அல்ல. பழைய வாடிக்கைக்காரர் ஒருவரால். நேய்ம் ஆடியோ என்ற ஒலிச் சாதனக் கம்பெனியை ஸ்தாபித்த ஜூலியன் வெரெக்கர் பிராம்ப்டன் வண்டியை உபயோகித்துப் பார்த்தவர். அவர் வங்கிக் கடனுக்கு ஜாமீன் நின்றார். பிரெண்ட்போர்டில் ரயில் பாலத்து வளைவுக்கு அடியில் இடம் பிடித்து, 1988-ல் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. முதல் மாதிரிக்கும் இதற்கும் இடையில் பத்து வருஷத்துக்கு மேல் போய்விட்டது. 1995-ல் ஏற்றுமதிக்காக ராணியின் விருதும் கிடைத்தது.

இவ்வளவு பேர் வாங்கியதற்குக் காரணம் என்ன? லண்டன் பாதாள ரயிலில் காலை மாலைக் கூட்ட நேரத்தில் சாதாரண சைக்கிளை ஏற்ற அனுமதியில்லை. மடக்கிய சைக்கிளை எந்த நேரத்திலும் கொண்டு போகலாம். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பெடல், அப்புறம் ரயில், இறங்கிய இடத்திலிருந்து ஆபீஸுக்கு மறுபடியும் பெடல். ஆபீஸில் மேஜைக்கு அடியில் வண்டி தூங்கும். திருடனும் ஏமாந்து போவான்.

இனிமேல் புதிய மாதிரிகளின் விஷயத்துக்கு வருவோம். ரிச்சியின் பேடண்ட் உரிமை 1999-ல் தீர்ந்தது. அதே மாதிரி மடங்கும் மலிவு வண்டிகள் ஆசியாவிலிருந்து வந்தன. ஒரு கொரியக் கம்பெனியின் வண்டியைப் பற்றிய வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரையில் போயிற்று. 2020-ல் அந்த நீதிமன்றம், ஒரு வேலையை நடத்தித் தருகிற உருவமானாலும் அதில் செய்தவரின் சொந்தக் கற்பனை இருந்தால் காப்புரிமை உண்டு என்று சொல்லி, அது இருக்கிறதா என்று பார்க்கிற பொறுப்பை பெல்ஜிய நீதிமன்றத்துக்கே விட்டுவிட்டது.

பிராம்ப்டன் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 2018 முதல் மின்சார மோட்டார் வைத்த வண்டிகள் வெளிவந்தன. பாட்டரி முன்பக்கப் பையில் தனியாக வரும். மேடு ஏறுவது சுலபமாயிற்று. ஆனால் பாட்டரியோடு சேர்த்தால் எடை சுமார் 17 கிலோ. 2022-ல் டைட்டானியம் வண்டி வந்தது. எடை ஏழரைக் கிலோ வரையில் இறங்கியது. விலை அந்தப் பக்கம் ஏறியது. 2024-ல் பதினாறு அங்குலச் சக்கரத்தை விட்டு இருபது அங்குலச் சக்கரத்தோடு ஒரு வண்டி வந்தது. கரடுமுரடான பாதையில் அது சுகமாகப் போகும். மடக்கினால் மூட்டையும் பெரிது.

பார்த்தீர்களா? ஓட்டம், எடை, மூட்டையின் அளவு, விலை ஆகிய நான்கும் ஒரு கூட்டுக் குடும்பம். ஒன்றுக்குப் பட்டுப்புடவை எடுத்தால் இன்னொன்று முகத்தைத் திருப்பிக் கொள்ளும். புதிய மாதிரி என்பது பெரும்பாலும் இந்த நால்வரில் ஒருவரைத் திருப்தி செய்ய மற்றொருவரிடமிருந்து கடன் வாங்கியதுதான். யாரிடமிருந்து கடன் வாங்கினார்கள் என்பது விளம்பரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

ஆகவே, 'இதில் புதிதாக என்ன இருக்கிறது?' என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக் கொள்ளலாம். 'என் வழி எந்த இடத்தில் அறுபடுகிறது?' என்பதே முதல் கேள்வி. சிப்பாய்க்கு வாய்க்காலில் அறுபட்டது. லண்டன் குமாஸ்தாவுக்கு ரயிலடியில் அறுபட்டது. உங்கள் வழி வாசலிலிருந்து வாசல் வரையில் அறுபடாமல் போகிறதா? சாதாரண சைக்கிளே போதும். மடக்கு வண்டிக்குக் கொடுக்கிற பணம் வீண். தினம் இரண்டு தடவை படியில் தூக்க வேண்டுமா? மோட்டாரையும் பெரிய சக்கரத்தையும் கண்டு மயங்க வேண்டாம்; லேசான பழைய மாதிரியே உத்தமம். தூக்குவது அபூர்வம், மேடு அதிகம், முழங்காலுக்கு வயதாகிவிட்டது என்றால் புதிய மின்சார வண்டிக்குப் பணம் கொடுப்பது நியாயம். ஏற்கெனவே பழைய பிராம்ப்டன் வைத்திருக்கிறவருக்கு ஓர் ஆறுதல்: பிற்காலத்தில் செய்த பாகங்கள் பல பழைய வண்டியிலும் பொருந்தும். குறை பிரேக்கில்தான் என்றால் பிரேக்கை மாற்றினால் போதுமே!

கடைக்காரர் உங்களை வண்டியில் ஏற்றித் தெருவில் ஒரு சுற்றுப் போய் வரச் சொல்வார். அது பிறகு ஆகட்டும். முதலில் வண்டியை மடக்கித் தரச் சொல்லி, கையில் தூக்கிக் கொண்டு கடையின் மாடிப்படியை ஒரு தடவை ஏறி இறங்கிப் பாருங்கள். கீழே வரும்போது உங்கள் தோளும் மணிக்கட்டும் சொல்கிற அபிப்பிராயத்தைக் கேட்டுவிட்டு, அப்புறம் பணப்பையைத் திறக்கலாம்.