கொடுத்த சாவியைத் திரும்பப் பெறுதல்

கோவையில் ஒரு பஞ்சாலை. பஞ்சுக் கிடங்கின் சாவியை மேலாளர் மேஸ்திரியிடம் தருகிறார். மேஸ்திரி அதற்கு நகல் செய்து கணக்குப்பிள்ளையிடம் கொடுக்கிறார். பின்னர் மேஸ்திரியின் சாவியை மேலாளர் திரும்பப் பெறுகிறார். கணக்குப்பிள்ளையின் நகல் என்னாகும்?

கணிப்பொறியின் தரவுத்தளங்களிலும் இதே சிக்கல் எழுந்தது. அமெரிக்காவின் சான் ஹோசே நகர ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்ரீசியா கிரிஃபித்ஸ், பிராட்ஃபோர்டு வேட் இருவரும் 1976-இல் ஒரு வழி கூறினர். யார், யாருக்கு, எப்போது உரிமை அளித்தார் என்பதைக் கணிப்பொறி குறித்து வைக்கும். ஒருவரின் உரிமை நீங்கினால், அதைக்கொண்டு அவர் பிறருக்கு வழங்கியதும் நீங்கும்.

ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஆலை முதலாளியும் பின்னொரு நாள் மேஸ்திரிக்குத் தனியே உரிமை தர, அவர் கணக்குப்பிள்ளைக்கு மறுமுறை அனுமதி அளித்ததாகக் கொள்வோம். ஒருவர் அதே ஆளுக்கு இரண்டாம் முறை அளித்ததை அம்முறை பதிவு செய்யாது. எனவே மேலாளர் தம் உரிமையைத் திரும்பப் பெற்றதும், கணக்குப்பிள்ளை தமக்குரிய நியாயமான உரிமையையும் இழப்பார்! 1978-இல் ரொனால்டு ஃபேகின் இதைச் சுட்டிக்காட்டி, எல்லாப் பதிவுகளையும் காக்குமாறு திருத்தினார்.

1992-இல் டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்டு குன் ஆகியோர், ஆளுக்கன்றிப் பணிப்பொறுப்புக்கே உரிமை வழங்கும் முறையை வகுத்துரைத்தனர். தரவுத்தளங்களுக்கான எஸ்.க்யூ.எல். மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரநிலையிலும் பணிப்பொறுப்புகள் இடம்பெற்றன. பணியை விட்டவரைப் பொறுப்பிலிருந்து நீக்கினால், அதன் வழி வந்த உரிமைகள் யாவும் ஒருங்கே நீங்கும்.

நீங்க வேண்டிய உரிமை தங்கினால் திருட்டுக்கு வழி. தங்க வேண்டியது நீங்கினால் வேலை நிற்கும். கொடுத்த கணக்கை முழுதும் எழுதி வைத்தவரே சரியாகத் திரும்பப் பெற முடியும்.