டிம்ஸ் ஆய்வு

நான்காம், எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணித, அறிவியல் அடைவை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் ஆய்வு. ஐ.இ.ஏ. என்னும் பன்னாட்டுக் கல்வி ஆய்வமைப்பு 1995 முதல் நான்காண்டுக்கு ஒருமுறை இதை நடத்துகிறது. 1964இல் 12 நாடுகளில் நடந்த கணித ஆய்வு இதன் முன்னோடி.

இது பள்ளி ஆண்டுத் தேர்வு போன்றதன்று. தாள்வழித் தேர்வில் வினாத் தொகுதிகள் 14 வினாப் புத்தகங்களில் பிரித்து அடுக்கப்பட்டன. ஒரே தொகுதி இரண்டு புத்தகங்களில் வரும். ஒரு மாணவர் எழுதுவது அவற்றுள் ஒன்றை மட்டுமே. ஆகவே தனி மாணவருக்கோ பள்ளிக்கோ தரவரிசை கிடையாது, மதிப்பிடப்படுவது நாடு. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் சில வினாக்கள் வெளியிடப்படும். மற்றவை மறைத்துவைக்கப்பட்டு அடுத்த சுற்றில் மீண்டும் கேட்கப்படும். ஒரு நாடு முன்னேறியதா, சரிந்ததா என்பதை இந்தப் பழைய வினாக்களே காட்டிக்கொடுக்கின்றன. அளவுகோலின் நடுப்புள்ளி 500.

சிங்கப்பூர், தென்கொரியா, ஜப்பான், தைவான், ஹாங்காங் ஆகியவை தொடர்ந்து முன்னணியில் உள்ளன. நாளிதழ்கள் இந்தப் பட்டியலோடு நின்றுவிடுகின்றன. மாணவர்களிடம் கேட்கப்படும் வினாப்பட்டியலே கூடுதல் கவனத்துக்குரியது: கணிதத்தில் உயர்ந்த புள்ளிகள் பெறும் ஜப்பானிய, கொரிய மாணவர்களில் அப்பாடம் பிடிக்கும் என்போர் பன்னாட்டுச் சராசரியைவிடக் குறைவு.