அங்கொடைக்குப் போனவர்

பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியோரத் தோட்டமொன்றின் லயத்தில் எனது பால்யம் கழிந்தது. எழுபதுகளின் இறுதி ஆண்டுகள் அவை. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் அண்ணன் ஒருவர் இருந்தார். வயது இருபதைத் தாண்டியிராது. கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர் எனப் பெயர் வாங்கியவர், திடீரென மலைக்குப் போவதை நிறுத்தினார். ஆளற்ற திசையை நோக்கிப் பேசினார். பீலிக்கரையில் நிற்கும் பெண்கள் தன்னைப் பற்றியே கதைப்பதாகச் சொன்னார். சோற்றில் நஞ்சு கலந்திருக்கிறதென்று உண்ண மறுத்தார். காத்து கருப்பு அண்டிவிட்டது என்றார்கள். கோடாங்கி வந்தார், உடுக்கை விடியும்வரை ஒலித்தது. சில மாதங்களின் பின் ஒருநாள், கைகள் கட்டப்பட்ட நிலையில் அவரை லொறியில் ஏற்றினார்கள். "அங்கொடைக்கு" என்று மட்டுமே சிறுவர்களாகிய எங்களிடம் கூறப்பட்டது. அவர் திரும்பி வரவில்லை.

இன்று எண்ணிப் பார்க்கையில், அவை மனச்சிதைவு என்றும் ஸ்கிசோஃப்ரினியா என்றும் அழைக்கப்படும் நோயின் அடையாளங்கள் எனத் தெரிகிறது. இல்லாத குரல் கேட்பது, ஆதாரமற்ற அச்சமும் சந்தேகமும், வேலையிலும் மனிதரிலும் நாட்டமிழப்பது ஆகியன அதன் முக்கிய குணங்கள். பதின்பருவ இறுதியிலிருந்து இருபதுகளுக்குள்ளேயே பெரும்பாலும் தொடங்கும். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இதனால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்நோயின் வரலாறு ஒருவகையில் அதன் பெயர்களின் வரலாறுதான். ஜேர்மனிய மருத்துவர் எமில் கிரேப்பலின், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை இளமையில் வரும் அறிவழிவு என வகைப்படுத்தினார். நோயாளர் அனைவரும் அறிவழிந்து போவதில்லை என்று கண்ட சுவிட்சர்லாந்தின் ஒய்கன் பிளாய்லர், 1908இல் ஸ்கிசோஃப்ரினியா என்ற சொல்லை முன்வைத்தார். பிளவுண்ட மனம் என்பது அதன் பொருள். எண்ணமும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று இணங்காமற் போவதையே அவர் குறித்தார். ஓருடலில் இருவர் வாழ்வதை அன்று. 2005இல் வெளிவந்த 'அந்நியன்' திரைப்படம் காட்டியது வேறொரு நோயை. பெயர் செய்யும் காயத்தை உணர்ந்த ஜப்பான், 2002இல் தன் மொழியில் இந்நோயின் பெயரையே மாற்றிவிட்டது.

எங்கள் நாட்டிலோ பெயர் சூட்டும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருந்தது. ஒருவர் சித்தசுவாதீனமற்றவரா என்பதை மாவட்ட நீதிமன்றம் விசாரித்துத் தீர்மானிக்க வழிசெய்தது 1873ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம். பதுளைக்குப் புகையிரதம் வந்தது 1924இல். அங்கொடை வைத்தியசாலை எழுந்தது 1926இல். பதுளையிலிருந்து கொழும்புக்கு இருப்புப்பாதை வழியே 292 கிலோமீற்றர். அன்றாடப் பேர் விழுந்தால்தான் சம்பளம் என்றிருந்த ஒரு தாய், மொழி தெரியாத ஊருக்கு எத்தனை முறை சென்று மகனைப் பார்த்து வருவாள்? தோட்டத்து மருந்துச்சாலைகளோ காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் பிரசவத்துக்குமாக அமைந்தவை. மனதின் நோய்க்கு அங்கே இடமிருக்கவில்லை.

மருந்து இல்லாமலில்லை. குளோர்புரோமசீன் என்னும் மருந்தின் பயனை 1952இலேயே பாரிஸ் மருத்துவர்கள் நிறுவியிருந்தார்கள். அண்ணன் நோயுற்றபோது அதற்குக் கால் நூற்றாண்டு வயது. அது லயத்துக்கு வர வழியில்லாததால், அவர் அதைத் தேடிக் கொண்டுபோகப்பட்டார். சொந்த பந்தங்களை இழந்தார்.

கோடாங்கியை நான் நெடுங்காலம் ஏளனமாகவே எண்ணியிருந்தேன். நான்சி வாக்ஸ்லர் என்ற ஆய்வாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. இலங்கையில் மனச்சிதைவுக்கு ஆளானோரை ஐந்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, பலர் மேற்குலக நோயாளரைவிட நல்ல நிலையில் இருந்ததாக அவர் எழுதினார். நோய் வெளியிலிருந்து வந்தது, வந்தது போகும் என்று குடும்பம் நம்பியது. நோயாளியைக் குற்றம் சொல்லாமல் மீண்டும் வீட்டிலும் வேலையிலும் சேர்த்துக்கொண்டது. இதுவே காரணம் என்பது அவரது வாதம். அதன்மீது பின்னர் மறுப்புகளும் எழுந்தன. ஆயினும் அந்த உடுக்கையொலியில், தவறு உன்னுடையதன்று என்ற ஆறுதலும் இருந்ததை நான் இப்போது ஏற்றுக்கொள்கிறேன்.

அதற்காக நம்பிக்கையே போதும் என்றுவிட முடியாது. தமிழ்நாட்டு ஏர்வாடியில் 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி, சங்கிலியிடப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டதை மறக்கலாகாது. சேர்த்துக்கொள்ளும் குடும்பமும் வேண்டும், தவறாத மருந்தும் வேண்டும்.

என் தவறொன்றையும் இங்கே சொல்லவேண்டும். பத்திரிகைக்கு வந்த புதிதில், ஒரு கொலைச் செய்திக்கு "மனநோயாளியின் வெறியாட்டம்" என்று தலைப்பிட்டேன். அவர் நோயாளிதானா என்று விசாரிக்கவுமில்லை. இந்நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை என்பதை அறியாமல் எழுதிய தலைப்பு அது. வாசித்தவர்களில் எத்தனை பேர் தம் பிள்ளையின் நோயை ஒளித்து வைத்தார்களோ.

சில ஆண்டுகளுக்கு முன் அந்த லயத்துக்குப் போயிருந்தேன். அண்ணனின் பெயரை அங்கு எவரும் சொல்வதில்லை. "அங்கொடைக்குப் போனவர்" என்பதே அவருக்குப் பெயராயிருந்தது. அவருடைய தங்கை, எனக்கு அக்கா, என்னைத் தனியே அழைத்துச் சென்றார். பத்தொன்பது வயதுப் பேரன் இரவில் உறங்குவதில்லை, சுவரோடு பேசுகிறான் என்றார். வைத்தியரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

"அங்கொடைக்கா தம்பி அனுப்பச் சொல்றீங்க?"

"இல்லை அக்கா. பதுளைப் பெரியாஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் கூட்டிப்போனால் பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடலாம். சாமிக்கு வேண்டுதல் இருந்தால் அதையும் செய்யுங்கள். மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள்."

மாதமொருமுறை கிளினிக்குக்குப் போனால் ஒருநாட் சம்பளம் போகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப்பற்றி இருவரும் பேசவில்லை. அடுத்த திங்களன்று அவர்கள் பேருந்தேறினார்கள்.

அந்தப் பையன் இப்போது மலைக்கு வேலைக்குப் போகிறான். அவனை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.