300 பிறந்த கதை

கல்யாணப் பத்திரிகை அடிக்கப் போனாலும் சரி, ஆல்பம் போடப் போனாலும் சரி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் டிசைனர் முதலில் கேட்பது, “படம் 300-ல இருக்கா சார்?” என்றுதான். அச்சில் ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது கணக்கு. இதைக் கேமரா கம்பெனிகள் வகுத்ததாகவே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இதன் வேர் டிஜிட்டல் கேமராவை விட மிகப் பழையது. மை மணக்கும் அச்சுக்கூடத்தில் இருக்கிறது.

அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் தெரியாது. மை ஒட்டினால் கறுப்பு, ஒட்டாவிட்டால் வெள்ளை. கன்னத்தில் விழும் இளநிழலை அதில் எப்படிக் கொண்டுவருவது? வழி தெரியாததால், அந்தக் காலப் பத்திரிகைகள் புகைப்படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சடித்தன. 1852-இல் இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட், மெல்லிய வலைத்துணியைக் குறுக்கே வைத்துப் படத்தை உடைக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் ‘டெய்லி கிராஃபிக்’ நாளேட்டில், ஸ்டீஃபன் ஹார்கனின் முயற்சியால், குடிசைப் பகுதி ஒன்றின் புகைப்படம் சாயல் குன்றாமல் அச்சேறியது. பிறகு ஃபிலடெல்ஃபியாவின் மேக்ஸ் லெவி கண்ணாடியில் நேர்கோடுகள் கீறி, பள்ளத்தில் கறுப்புச் சாயம் நிரப்பி, அப்படி இரண்டு கண்ணாடிகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி ‘ஸ்கிரீன்’ செய்தார். அதன் வழியே படமெடுத்தால் நிழலில் பெரிய புள்ளியும் வெளிச்சத்தில் சிறிய புள்ளியும் விழும். கண் அவற்றைக் கலந்து சாம்பலாக்கிக்கொள்ளும். அப்படிப் புள்ளிகளாக்கிய அச்சுத் தகடுதான் ஆஃப்டோன் பிளாக்.

கல்கத்தாவில் 1895-இல் இந்தத் தொழிலைத் தொடங்கிய உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, சத்யஜித் ராயின் தாத்தா. புள்ளி உருவாகும் விதத்தைக் கணிதமாக ஆராய்ந்து, லண்டனின் ‘பென்ரோஸ்’ ஆண்டு மலரில் கட்டுரைகள் எழுதினார். பிளாக் வரலாற்றில் அவர் பெயரை விட்டுவிடுவது நியாயமே இல்லை.

ஸ்கிரீனின் நெருக்கத்தைக் காகிதம்தான் முடிவு செய்தது. நாளிதழ்த் தாளில் மை பரவும். அங்குலத்துக்கு 65 முதல் 85 கோடு போதும். வழவழப்பான ஆர்ட் பேப்பர் 133, 150 வரை தாங்கும். 1980-களில் படத்தை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வழக்கம் வந்தபோது, 150 கோட்டு அச்சுக்கு எத்தனை பிக்சல் வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. புள்ளி வரிசை 45 பாகை சாய்ந்திருப்பதால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கே போதும். பாதுகாப்புக்காக இரு மடங்கு வைத்தார்கள். 150-ஐ இரண்டால் பெருக்கினால் 300.

நம் கண்ணும் இதற்கு ஒத்துப்போகிறது. நல்ல பார்வை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும். 30 சென்டிமீட்டர் தூரத்தில் அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 புள்ளி. கையில் பிடித்துப் பார்க்கும் படத்துக்கு 300 பொருந்துவது இதனால்தான்.

ஆகவே 6×4 மேக்ஸி பிரிண்ட்டுக்கு 1800×1200, சுமார் 2 மெகாபிக்சல் போதும். 10×8-க்கு 7 மெகாபிக்சலுக்குச் சற்று மேல்; 18×12-க்கு 19-ஐத் தாண்டும். தூரம் கூடினால் தேவை குறையும். 20 அடிக்கு 10 அடி பிளெக்ஸ் போர்டுக்கு அங்குலத்துக்கு 10 பிக்சல் வைத்தாலும் 2400×1200 தான் வரும். மேக்ஸி பிரிண்ட்டுக்கு ஆவதை விடக் கொஞ்சம்தான் அதிகம். தெருவின் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு அது பளிச்சென்றே தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் பிக்சல் ஒவ்வொன்றிலும் உண்மையான விவரம் இருந்தால்தான் செல்லும். கை ஆடிய படத்தில், மங்கலான வெளிச்சத்தில் எடுத்த படத்தில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். 50 மெகாபிக்சல் போன்கள் பலவும் நான்கு பிக்சலை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தையே தருகின்றன. ஜேபெக் கோப்பு படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அதிகம் சுருக்கினால் அந்தக் கட்டங்கள் கன்னத்திலும் நெற்றியிலும் கண்ணுக்கே தெரியும்.

இதில் மனம் வலிப்பது ஸ்டூடியோக்காரர்களிடம் அடிக்கடி வரும் ஒரு வேலையில். பாட்டி தவறிப்போகிறார், மாலை போட 15×12 படம் வேண்டும். கையில் இருப்பது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிவந்த கல்யாண குரூப் போட்டோ. முகத்தை மட்டும் வெட்டினால் 400×300 தேறும். 300 கணக்கில் அது பாஸ்போர்ட் சைஸுக்கும் காணாது. சுவரில் மாட்டி இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 45 பிக்சல் போதும் என்று வைத்தாலும் 675×540 வேண்டும். துக்கத்தில் நிற்பவரிடம் “இது தேறாதுங்க” என்று எந்த ஸ்டூடியோக்காரரும் லேசில் சொல்லிவிட முடியாது. அதே படம் எடுத்தவர் போனில் சுருங்காமல் முழு அளவில் இருக்கலாம். அவரைக் கண்டுபிடித்து, போட்டோவாக அல்லாமல் டாகுமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். அப்படி வரும் கோப்பில் பாட்டியின் முகம் மட்டுமே ஆயிரம் பிக்சலுக்கு மேல் இருக்கக்கூடும்.