எந்தப் பைத்தான் வரை?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நம்மைக் கேட்டால் மூன்று. சாதாரண மேற்கோள் குறிக்குள் எழுதி பைத்தான் 2-ஐக் கேட்டால் 15 என்று சொல்லும். பைத்தான் 3, 5 என்கிறது. முதலாவது, யுடிஎஃப்-8 முறையில் சேமித்த பைட்டுகளை எண்ணுகிறது. இரண்டாவது, யூனிகோடு குறிகளை எண்ணுகிறது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இரண்டுமே நம் கணக்கு இல்லை. ஆனால் 5 என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை வைத்து மூன்றுக்கு வந்துவிடலாம்.

2008 டிசம்பர் 3 அன்று பைத்தான் 3.0 வெளிவந்தது. பழைய நிரல்கள் அப்படியே ஓடாது என்று தெரிந்தேதான் கைடோ வான் ரோசமும் குழுவினரும் அதை வெளியிட்டார்கள். மாற்றங்களில் தலைவலி கொடுத்தது எழுத்துதான். பைத்தான் 2 பைட்டையும் எழுத்தையும் கலந்துவிட அனுமதித்தது. ஆங்கிலம் மட்டும் வரும்வரை பிரச்சினையே தெரியாது. வேறு எழுத்தில் ஒரு பெயர் வந்த அன்று நிரல் விழுந்துவிடும். பைத்தான் 3 இரண்டையும் பிரித்துவைத்தது.

லைப்ரரி எழுதுபவர்கள்தான் நடுவில் மாட்டினார்கள். லைப்ரரி மாறாமல் பயனர் மாற முடியாது. பயனர் மாறாவிட்டால் லைப்ரரிக்கு அவசரமில்லை. இரண்டிலும் ஓடும்படி எழுத 'சிக்ஸ்' என்றொரு லைப்ரரி உதவியது. இரண்டை மூன்றால் பெருக்கினால் ஆறு, அதுதான் பெயர்க்காரணம். மொழியும் கொஞ்சம் இறங்கிவந்தது. நீக்கியிருந்த 'யூ' என்ற முன்னொட்டை 2012-இல் 3.3 பதிப்பு திரும்பச் சேர்த்தது. 2.7-க்கு 2015 வரை என்றிருந்த ஆதரவை, 2014-இல் 2020 வரை நீட்டினார்கள்.

என்னைக் கேட்டால் உண்மையான திருப்பம் 2016-இல் வந்த பிப் 9 தான். ஒரு லைப்ரரி தனக்கு எந்தப் பைத்தான் வேண்டும் என்று அறிவித்தால், அது இல்லாத கணினிக்குப் பொருந்துகிற பழைய பதிப்பையே பிப் தேடிக் கொடுக்கும். அந்தத் துணிச்சலில் 2017-இல் ஐபைத்தான் 6 பைத்தான் 2-ஐக் கைவிட்டது. பழைய பயனர்களுக்கு 5-ஆம் வரிசை தொடர்ந்து கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜாங்கோ 2.0-உம் பைத்தான் 3-க்கு மட்டும் என்று வந்தது, 1.11-க்கு 2020 வரை பராமரிப்பு இருந்தது. முன்னே போனார்கள், ஆனால் பின்னால் வருபவர்களுக்குக் கதவைச் சாத்தவில்லை.

2019-இல் நம்பை குழு இதை ஒரு கணக்காகவே எழுதிவைத்தது: கடந்த 42 மாதங்களில் வெளியான பைத்தான் பதிப்புகளுக்கு ஆதரவு. ஒவ்வொரு முறையும் சண்டை போடத் தேவையில்லை.

நான் வேலை செய்கிற இடத்திலும் இந்தக் கேள்வி வரும். "ஓடுறத ஏன் தொடணும்?" என்பார்கள் சீனியர்கள். நியாயம்தான், மாற்றுவதற்கு ஆளும் நேரமும் வேண்டும். ஆனால் யாருக்கு ஓடுகிறது என்றும் கேட்கணும். மலாய் ரூமியும் ஆங்கிலமும் அதே 26 எழுத்துதான். மலேசியாவில் அவற்றோடு நின்றுகொண்டால் பழைய நிரல் நன்றாகவே ஓடும். தமிழில் ஒரு பெயரையோ சீனத்தில் ஒரு முகவரியையோ உள்ளே விட்டால்தான் தெரியும், அந்த 'ஓடுறது' நம்மையெல்லாம் கணக்கில் எடுக்காமலேயே ஓடிக்கொண்டிருந்தது என்று.

பழைய கணினி வைத்திருப்பவருக்கும் வழி வேண்டும், தன் எழுத்தில் பெயர் எழுதுகிறவருக்கும் வழி வேண்டும். பைத்தான் உலகத்துக்கு இரண்டையும் சேர்த்துச் செய்ய 11 வருஷத்துக்கு மேல் ஆனது. அது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.