பந்தயத்துக்கு முந்தின ராத்திரி

1

மாட்டுப் பந்தயம் பற்றிய நம் விவாதங்களில் மாடு இருக்கிறது, வீரம் இருக்கிறது, தமிழர் பண்பாடு இருக்கிறது, விலங்குரிமை இருக்கிறது. பந்தயத்துக்கு வந்தவன் முந்தின ராத்திரி எங்கே படுத்தான், எதைப் பொங்கித் தின்றான் என்பது மட்டும் பெரும்பாலும் இல்லை. அற்ப விஷயம்தான். ஆனால் அதிகாரம் முதலில் கைவைப்பது இந்த அற்ப விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன். மதுரைச் சமவெளியை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கலாம்.

பிரான்சில் லெ மான் என்ற ஊரில் 1923 முதல் 24 மணி நேரக் கார் பந்தயம் நடந்துவருகிறது. ராத்திரியும் ஓடுகிற பந்தயம் என்பதால் பார்க்க வருகிறவர்களும் அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கிவிடுகிறார்கள். அமெரிக்காவின் டேடோனாவில் ஓடுதளத்துக்கு உள்ளேயே, அடுப்பும் கட்டிலும் கக்கூசும் வைத்த வீட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு நாட்கணக்கில் குடியிருக்கிறார்கள். கேரவன் என்று அதற்குப் பெயர் சொன்னால் நம் ஊரில் வேறு பொருள் வந்துவிடும்: சினிமா நடிகர் ஒப்பனைக்கு ஏறிக்கொள்கிற வண்டி, கதவு மூடியே இருக்கிற வண்டி.

நம்மிடமும் வீட்டு வண்டி உண்டு. அதன் இன்றைய பெயர் குட்டியானை. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து மாட்டு வண்டிப் பந்தயம் கோவைப் பக்கத்து ரேக்ளா போல 200 மீட்டர், 300 மீட்டர் கணக்கில் முடிவதில்லை. தார்ச்சாலையில் ஓடுகிறது. நோட்டீசில் தூரத்தை இன்னமும் மைலில்தான் போடுகிறார்கள், ‘போய்வர 8 மைல்’ என்று. பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. வெயில் ஏறுவதற்குள், சாலையில் போக்குவரத்து கூடுவதற்குள் ஓட்டி முடிக்க வேண்டும். தூரத்திலிருந்து ஏற்றி வந்த மாட்டை இறக்கின கையோடு பூட்டவும் முடியாது. அது கால் ஊன்ற வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், அசைபோட வேண்டும். ஆகவே முந்தின ராத்திரியே வந்துவிட வேண்டியிருக்கிறது. கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்தி, தார்ப்பாயை இழுத்துக் கட்டி, தண்ணீர் டிரம்மை இறக்கி, மாட்டுக்குப் பக்கத்திலேயே சாரதியும் துணைச் சாரதியும் படுத்துக்கொள்கிறார்கள். இப்படிச் சில ராத்திரிகள் அவர்களோடு இருந்திருக்கிறேன். ஊருக்குள் ரூம் எடுக்கலாமே என்று கேட்டதற்கு ஒருவர் சொன்னார்: “மாட்ட விட்டுட்டு லாட்ஜுல போயி படுத்தா தூக்கம் வருமாண்ணே?”

இந்த ராத்திரியில் பார்வையாளன் என்று ஒருவன் கிடையாது. மாட்டைப் பற்றிப் பேசுகிறவன், குழம்புக்கு வெங்காயம் உரிக்கிறவன், கடன் கேட்கிறவன், சம்பந்தம் பேசுகிறவன் எல்லோரும் நிகழ்வுக்குள்ளேயே இருக்கிறார்கள். திருவிழா என்பது மக்கள் பார்க்கிற காட்சி அல்ல, அவர்கள் வாழ்கிற ஒன்று என்ற பக்தினின் கருத்து இங்கே பொருந்தும். தங்குகிறவனுக்கு நிகழ்வு சொந்தமாகிறது. வந்து பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு அது சொந்தமாவதில்லை.

2

இந்தத் தங்கலுக்குப் பழைய வடிவம் சித்திரைத் திருவிழாவின் கூண்டு வண்டி. அழகர் தேனூரில் ஆற்றில் இறங்கிய விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) மதுரைக்கு மாற்றினார் என்பது வழக்கு. மீனாட்சியின் தேர்களை இழுக்கப் பெருங்கூட்டம் தேவைப்பட்டது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அதாவது, அரசுக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. வண்டி கட்டி வந்த கூட்டத்துக்கு வைகை மணல் வீடாயிற்று. கூண்டுக்குள் குழந்தையும் பெண்களும், வண்டிக்கு அடியில் ஆண்கள், நுகத்தடியோரம் மாடு, மணலைத் தோண்டினால் ஊற்று. தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ (1989) கோயிலை அங்கே வந்துபோகும் சாதிகளின் வழியாகப் படித்தது. வந்தவர்களின் ராத்திரிகளுக்கும் அப்படி ஒரு வரலாறு எழுதப்பட வேண்டும்.

மாட்டுத்தாவணி என்றால் மாட்டுச் சந்தை. மாடு வாங்க விற்க வந்தவர்கள் மாட்டோடு தங்குகிற இடம் அது. இன்று அந்தப் பெயர் 1999-ல் திறந்த பேருந்து நிலையத்துக்கு உரியது. வைகை அணை 1959-ல் வந்தது. பஸ் வந்தது. காலையில் வந்து அழகரைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஊர் திரும்ப முடிந்தது. இது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் வசதியோடு சேர்ந்து ராத்திரியும் போயிற்று.

3

எல்லா ராத்திரியும் வசதியால் போகவில்லை. 1911-ன் குற்றப் பழங்குடிகள் சட்டம் 1914 முதல் மதுரை மாவட்டக் கள்ளர்கள்மீது படிப்படியாகப் பாய்ந்தது. ரேகைச் சட்டம் என்று மக்கள் அதைச் சொன்னார்கள். பதிவு செய்யப்பட்ட ஆண் வெளியூர் போய் ராத்தங்க வேண்டுமானால் ராத்திரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3-ல் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள்மீது போலீஸ் சுட்டது. 1947-ல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஒரு சாதி முழுவதற்கும் வண்டிக்கடியில் படுத்துத் தூங்குவது குற்றமாக இருந்த காலம் அது. பகலில் உழைக்கிற உடம்பு அரசுக்குத் தேவை. ராத்திரியில் நகர்கிற உடம்புதான் அதற்குப் பயம். 1939-ன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தை, திருவிழாக்களுக்கென்று தனி அத்தியாயமே வைத்தது. காலராவின் காலத்தில் அது அவசியம்தான். ஆனால் கூட்டம் இதே நேரத்தில் எண்ணப்படவும் வகைப்படுத்தப்படவும் ஆயிற்று என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போது பழைய ராத்திரியைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பந்தயத்து முந்தின ராத்திரி ஆண்களின் ராத்திரி. ஆற்று மணலில் பெண்கள் இருந்தார்கள். கண்மாய்க் கரையில் இல்லை. சாதியும் தார்ப்பாயோடு வந்து இறங்குகிறது: யார் பக்கத்தில் யார் அடுப்பு மூட்டுவது, எந்தக் குழாயில் யார் தண்ணீர் பிடிப்பது என்று. 1997 ஜூன் 30-ல் மேலூர்ப் பக்கம் மேலவளவில், தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்துத்தான் வெட்டினார்கள். அது பட்டப்பகல். பகலில் பஸ்ஸில் போகவே உத்தரவாதமில்லாதவனிடம் கண்மாய்க் கரை ராத்திரியின் சுதந்திரத்தைப் பற்றி நாம் எப்படிப் பேசுவது? ராத்திரிச் சீட்டை எதிர்த்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று யாரிடம் சீட்டுக் கேட்கிறார்கள் என்பதும் கேள்விதான்.

4

2006 மார்ச்சில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஜல்லிக்கட்டைத் தடை செய்தது ஒரு ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்ட மனுவில்தான். அது 2007-ல் மாற்றப்பட்டது. 2014 மே 7-ல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மக்கள் ராப்பகலாக உட்கார்ந்தார்கள். வைகைப் பாலத்தில் ரயில் நின்றது. அங்கே பெண்களும் ராத்திரி தங்கினார்கள் என்பதை மறக்கக் கூடாது. 21-ந் தேதி அவசரச் சட்டம், 23-ந் தேதி லத்தி. கோரிக்கையை அரசால் ஏற்றுக்கொள்ள முடிந்தது, தங்கலை ஏற்க முடியவில்லை.

அந்த ஆண்டுச் சட்டத்தின் ஜல்லிக்கட்டு விளக்கத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா என்ற பெயர்கள் இருக்கின்றன. ரேக்ளா இல்லை. 2023 மே 18-ல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஏற்றது. 2024 ஜனவரி 24-ல் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் நிரந்தர அரங்கம் திறந்தார்கள். மாட்டுக்கும் வீரனுக்கும் இணையத்தில் பதிவு, பார்ப்பவனுக்குக் காலரி. பாதுகாப்பு கூடுகிறது என்பது நியாயம். ஆனால் வந்தவன் முழுக்கப் பார்வையாளனாகிவிடுகிறான். அதே ஆண்டு ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிப் பொதுச்சாலையை அடைத்து, விளக்குப் போட்டு, ஃபார்முலா 4 கார் பந்தயம் நடந்தது. சாலையில் பந்தயம் கூடாது என்பதல்ல, யாருடைய பந்தயம் என்பதுதான் விஷயம் போலிருக்கிறது. பக்கத்துக் கேரளத்தில் 2021 முதல் வீட்டு வண்டியில் தங்குவது அரசின் சுற்றுலாத் திட்டம். காசு கொடுத்தால் ராத்திரிக்குச் சீட்டு உண்டு.

பந்தயத்துக்கு அனுமதி வாங்கித் தர இயக்கங்கள் இருக்கின்றன, தடை கேட்கவும் இருக்கின்றன. முந்தின ராத்திரிக்காக யாரும் மனுப் போடுவதில்லை. கேட்க வேண்டியது சின்னதுதான்: ஊர்ப் புறம்போக்கில், கண்மாய்க் கரையில், எந்தச் சாதிக்காரனும் எந்தப் பெண்ணும் பயமில்லாமல் வண்டியை அவிழ்த்துவிட்டுப் படுக்க ஒரு இடம், ஒரு விளக்கு, எல்லோருக்கும் ஒரே குழாய். இதை ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்க வேண்டும், கலெக்டரிடமும் கேட்க வேண்டும். முதலில் மறுக்கப்போவது யார் என்பதைப் பார்த்தாலே நம் பண்பாட்டுப் போராட்டங்கள் எதுவரை வந்திருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.