பார்வையற்றோர் ஒளிப்படப் பயிலரங்குகள்

முழுப் பார்வையின்மையோ குறைபார்வையோ உள்ளவர்கள் கேமராவைக் கையாளப் பழகும் வகுப்புகள் இவை. கேள்விப்படுபவர் முதலில் வியப்பார். வியப்புக்கு இங்கே பெரிய வேலை இல்லை. பார்வையற்றோர் எனக் கணக்கிடப்படுவோரில் பெரும்பாலோருக்கு வெளிச்சமோ நிறமோ நிழலுருவமோ ஓரளவு தெரியும். மற்றவர்களுக்குக் காதும் தோலும் கைகொடுக்கின்றன. பேச்சுக்குரலை வைத்து முகத்தின் உயரமும் தூரமும் பிடிபடும். கன்னத்தில் படும் வெயில், வெளிச்சம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடும். 1946இல் ஸ்லோவேனியாவில் பிறந்து பாரிஸில் குடியேறிய எவ்கன் பவ்ச்சார், சிறுவயதிலேயே இரு கண்களையும் இழந்தவர். கேமராவை வாய்க்கு நேராகப் பிடித்து, பேசுபவரின் குரலை நோக்கிப் படமெடுப்பது அவர் வழக்கம்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் ராலே நகரில், கவர்னர் மோர்ஹெட் பார்வையற்றோர் பள்ளியில் 1992 முதல் 1997 வரை டோனி டைஃபெல் வகுப்பெடுத்தார். அங்கே ஒரு மாணவி நடைபாதை விரிசல்களைப் படமெடுத்தார். கை தவறி எடுத்தவை என்றுதான் யாருக்கும் தோன்றும். விரிசலில் தன் வெள்ளைக்கோல் சிக்கிக்கொள்கிறது என்று கடிதம் எழுதி, அந்தப் படங்களையும் சேர்த்துப் பள்ளிக் கண்காணிப்பாளருக்கு அனுப்பினார் அவர். கண் உள்ளவர்கள் கவனிக்காத குறையைக் கண் உள்ளவரிடமே படம் போட்டு முறையிட்ட மனு அது. இத்தகைய வகுப்புகளால் என்ன பயன் என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

நியூயார்க்கின் ‘சீயிங் வித் ஃபோட்டோகிராஃபி கலெக்டிவ்’ குழுவின் வழி வேறு. இருட்டறையில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைத்து, எதிரில் இருப்பவர்மீது டார்ச் ஒளியைத் தடவிக்கொண்டே போவார்கள். ஒளி பட்ட இடம் மட்டும் பதியும்.

மும்பையில் பார்த்தோ பௌமிக், பவ்ச்சாரால் ஈர்க்கப்பட்டு, 2006இல் ‘பிளைண்ட் வித் கேமரா’ திட்டத்தைத் தொடங்கினார். அதன் கண்காட்சிகளில் தொட்டறியும் புடைப்புப் படங்களும் பிரெயில் குறிப்புகளும் இடம்பெற்றன.

கைபேசி வந்தபின் படச்சட்டத்துக்குள் முகத்தைக் கொண்டுவருவது எளிதாகிவிட்டது. 2022இல் கூகுள் பிக்சல் 7உடன் வந்த ‘கைடட் ஃபிரேம்’, செல்ஃபி எடுப்பவருக்குப் போனை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று குரலால் வழிகாட்டும்.

எடுத்தவற்றில் எதை வைப்பது, எதை விடுவது என்பதுதான் இன்றும் சிக்கல். பார்வையுள்ள ஒருவர் விவரிக்க, எடுத்தவர் கேட்டு முடிவு செய்கிறார். ‘அழகாக வந்திருக்கிறது’ என்பது விவரிப்பு ஆகாது. இடது ஓரத்தில் என்ன இருக்கிறது, யார் தலை வெட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்பவரின் ரசனையும் அதோடு கலந்துவிடும் என்பதால், ஒரே படத்தை இருவரிடம் தனித்தனியே விவரிக்கச் சொல்லிக் கேட்பது நல்லது.